டிபன் பாக்ஸுக்குள் ஒரு போன்

எங்கள் கோழிப்பண்ணையின் வாசலில், கால் நனைக்கும் மருந்துத் தொட்டிக்கு மேலே சுவரில் அடித்த பலகையில், இரண்டு அடுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள், யாரோ மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். "சோறு கெட்டுப்போயிருமுங்க" என்று என்னிடம் வந்து அக்கறையாகச் சொல்பவர்களும் உண்டு. மேலடுக்கில் ஒரு போன் இருக்கிறது. தினமும் காலையில் நான் எடுத்து எழுதிவிட்டுத் திரும்ப வைக்கிற போன். கீழடுக்கில் அரிசி. அரிசிக்குள் புதைந்து இன்னொரு போன். அது செத்துப் பல வருடம் ஆகிறது. அரிசியில் வண்டு வைத்தால் அரிசியை மட்டும் மாற்றுவேன், போனை மாற்றுவதில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் டாக்டரம்மாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு ஒரு மதியம் வேண்டும். இன்று எனக்கு அந்த மதியம் கிடைத்திருக்கிறது.

நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகிற சாலையில், தார் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் பண்ணை. முட்டைக் கோழிகள். கணவர் தவறிய பிறகு, பண்ணையைக் குத்தகைக்கு விட்டுவிடு என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. தீவனக்காரனோடும் முட்டை வியாபாரியோடும் ஒரு பொம்பளை மல்லுக்கட்ட முடியுமா என்று அவர்களுக்குக் கவலை. எனக்கு வாய் நீளம் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கவலைப்பட்டார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு வீம்புதான் ஏறியது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருந்தேன் என்பது எனக்கும் அந்தக் கோழிகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

கோழிகளைப் பார்க்க டாக்டரம்மா முதல் தடவை வந்தபோது, யாரோ கல்லூரிப் பெண் வழி கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்களைப் போல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட மாட்டார். ஆனால் பேச்சில் ஒரு பணிவு இருக்கும். "ஏனுங் அம்முணி, டாக்டரு வரலீங்களா?" என்று கேட்டேன். "நான்தான் அக்கா" என்றார். நான் அவரை ஏற இறங்கப் பார்த்ததை அவரும் பார்த்தார். சிரித்துவிட்டு, கைப்பை, கைக்கடிகாரம், பேனா, போன் எல்லாவற்றையும் காரிலேயே வைத்துப் பூட்டினார். "குளிக்கற எடம் எங்க இருக்கு?" என்று கேட்டார். வீட்டுக்கு வருகிற உறம்பரைக்கு நாங்கள் காப்பித் தண்ணிதான் கொடுப்போம், வந்ததும் குளிக்கத் தண்ணி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

கோழி வளர்க்காதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கோழிக்கு நோய் எங்கிருந்தும் வரும். செருப்பில் வரும், சட்டையில் வரும், வண்டிச் சக்கரத்தில் வரும். அதனால்தான் வாசலில் மருந்துத் தொட்டி, குளியல், பண்ணைக்கென்று தனித் துணி, தனிச் செருப்பு. இதெல்லாம் எல்லாப் பண்ணையிலும் பேருக்கு உண்டு. ஆனால் வேலையாட்களைக் குளிக்கச் சொல்கிற நாங்கள், டாக்டர் வந்தால் மட்டும் வாங்க வாங்க என்று நேரே உள்ளே கூட்டிப்போய்விடுவோம். அவர்களும் ஷெட்டுக்குள் நின்று போனில் பேசுவார்கள், அதே போனோடு அடுத்த பண்ணைக்குப் போவார்கள். டாக்டரம்மாதான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னார். "எல்லாப் பண்ணைக்கும் போறவ நான் ஒருத்திதான் அக்கா. நோய் வந்தா தூக்கிட்டு வர்ற மொத ஆளு நானாத்தான் இருக்கும்." தன்னைப் பற்றியே இப்படிச் சொல்கிற டாக்டரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்புறம்தான் பழைய போன் ஒன்று கேட்டார். ஒவ்வொரு பண்ணையிலும் அவர் அப்படித்தான் கேட்பார் என்று பிறகு தெரிந்தது. வீட்டில் சும்மா கிடக்கிற, கீறல் விழுந்த, யாருக்கும் வேண்டாத போன் போதும். அது பண்ணைக்குள் வந்தால் பிறகு வெளியே போகாது. அலமாரியில் என் கணவரின் போன் இருந்தது. மக்காச்சோள லாரியிலிருந்து விழுந்து கண்ணாடி தெறித்த போன். கொடுக்க மனசில்லாமல் கொடுத்தேன். துடைத்து, மருந்தடித்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வாசல் பலகையில் வைத்தார். அதில் குறிப்பெழுதுகிற ஒரு செயலியை ஏற்றினார். அவர் கையிலிருந்த போன், காரிலிருந்த லேப்டாப், ஒவ்வொரு பண்ணை வாசலிலும் இருந்த ஓட்டை போன், எல்லாவற்றிலும் அதே செயலி. எங்கள் பண்ணைக் குறிப்புகளை எனக்கும் பங்கிட்டுக் கொடுத்து, தீவன அறையிலிருந்த டேப்லெட்டிலும் வீட்டிலிருந்த கம்ப்யூட்டரிலும் திறக்கிற மாதிரி செய்து வைத்தார்.

முதல் நாள் நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஷெட்டுக்குள் கூண்டு கூண்டாகப் பார்த்து, கணவரின் போனில் விறுவிறுவென்று எழுதினார். எழுதிய போனை டப்பாவில் போட்டு மூடினார். வெளியே வந்தோம், குளித்தோம், துணி மாற்றினோம், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தோம். உள்ளே எழுதியது அத்தனையும் அங்கே இருந்தது. அவர் எடுத்த முட்டைப் படம்கூட இருந்தது.

"அடங்கொப்புரானே! இது எப்பிடி அம்முணி ஊட்டுக்கு வந்துச்சு? போனை அங்கயே வெச்சுட்டுத்தான வந்தோம்!" என்று கத்திவிட்டேன்.

"போன் அங்கயேதான் இருக்கு அக்கா. எழுதினது மட்டும் வந்துருச்சு. அதுக்குக் குளிக்கற வேலைகூட இல்ல."

நீங்கள் சிரிக்கலாம். இதெல்லாம் இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் ஒரு கோழி இறகுகூட வேலி தாண்டக் கூடாது என்று பாடுபடுகிற எனக்கு, வேலியைத் தாண்டியும் அழுக்குப்படாமல் வந்து நிற்கிற ஒன்றைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்று மதியம் அவர் போன பிறகு, சும்மா பார்ப்பதற்காகவே திரும்பக் குளித்து உள்ளே போய், "தண்ணீர்த் தொட்டி கழுவியாச்சு" என்று ஒரு வரி எழுதிவிட்டு, திரும்பக் குளித்து வீட்டுக்கு ஓடிவந்தேன். அந்த வரி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

கருவியை விட என்னை அசத்தியது அவர் அதைக் கையாண்ட விதம். ஒரு நாளைக்கு ஒரு குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் தலைப்பாக ஒரே கேள்வியை வைத்திருந்தார்: "இன்னைக்கு என்ன பாத்தீங்க?" என்ன நினைத்தீர்கள் என்றோ, என்ன நோய் என்றோ கேட்க மாட்டார். நான் ஆரம்பத்தில் "கோழி டல்லா இருக்கு" என்று எழுதுவேன். உடனே கீழே அவர் கேட்டிருப்பார்: எந்த வரிசை? எந்தக் கூண்டு? டல் என்றால் கண் மூடியிருக்கிறதா, கழுத்தைச் சுருக்கியிருக்கிறதா? எரிச்சலாக வரும். "உனக்கு வேற பொழப்பில்லையா அம்முணி" என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுவேன். இப்படி முணுமுணுத்தே பார்க்கப் பழகிவிட்டேன்.

பல பண்ணைக்குப் போகிற ஆள், எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. திடீரென்று வந்து, "போன வெயில் காலத்துல மேக்கு ஷெட்டுல ஒரு ஃபேன் சத்தம் போட்டுச்சே, மாத்தியாச்சா?" என்பார். எனக்கே மறந்துபோயிருக்கும். இவ்வளவையும் அந்தச் சின்ன மண்டைக்குள் எங்கே வைத்திருக்கிறது இந்தப் பெண் என்று மலைப்பேன். ஒருநாள் சொன்னார்: "எனக்கு ஞாபக சக்தியே கெடையாது அக்கா. பரீட்சையில எல்லாம் தட்டுத் தடுமாறித்தான் வந்தேன். அதனாலதான் நின்ன எடத்துலயே எழுதிடறேன். எழுதிட்டா அது எங்க போனாலும் எங்கூட இருக்கும்." ஒருமுறை பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, தடுப்பூசி விவரத்துக்கும் தீவன அளவுக்கும் நடுவே ஒரு வரி இருந்தது: "அக்காவுக்கு வலது முழங்கால் வலி. படி ஏறும்போது பிடித்துக்கொண்டு ஏறுகிறார். கேட்டால் இல்லை என்கிறார்." கோழியைப் பார்க்க வந்தவர் என்னையும் பார்த்திருக்கிறார். கணவர் போன பிறகு என் முழங்காலை யாரும் கவனித்ததில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு நான் அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தப் பங்குனியில் வெயில் மண்டையைப் பிளந்தது. எங்களுக்கு அக்கட்டால், அடுத்தாற்போல இருந்த ஒரு பண்ணையில் வெள்ளைக் கழிச்சல் விழுந்துவிட்டது. கோழிக்காரர்கள் அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். விழுந்தால் ஷெட்டையே துடைத்துக்கொண்டு போகிற நோய். டாக்டரம்மா அந்தப் பண்ணைக்குள் போனார். போனதுமே மற்றப் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் எழுதிவிட்டார்: நோய்ப் பண்ணைக்குள் கால் வைத்துவிட்டேன், இன்னும் சில நாளைக்கு யார் பண்ணைக்குள்ளும் வர மாட்டேன், என்னைக் கூப்பிடாதீர்கள். அவர் போட்ட சட்டம் அது. அதை முதலில் தனக்குத்தான் போட்டுக்கொண்டார்.

நேரம் பாருங்கள், அதே வாரம்தான் எங்கள் கிழக்கு ஷெட்டில் கோழி தீவனத்தைத் தொடாமல் நின்றது. அப்போதுதான் முட்டைக்கு வந்திருந்த பேட்ச். அந்தக் கோழிகளை நம்பித்தான் பண்ணையே நின்றது. அது போனால் வாசலைப் பூட்டிவிட்டு, நான் சொன்னேனில்லையா என்று சொல்லக் காத்திருக்கிற சொந்தக்காரர்கள் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். முட்டை குறைந்தது. ஓடு மெலிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாகவும் ஆரம்பித்தது. என் கொழுந்தனார் நல்ல மனிதர். ஆனால் பயம் வந்தால் நிற்க மாட்டார். "நங்கையா" என்றார். எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நாளைக்குச் செத்து விழறதை இன்னிக்கே வித்துப்போடலாமுங்க. ஏவாரிகிட்டச் சொல்லிட்டேன். மத்தியானம் லாரி வருது."

 டாக்டரம்மாவுக்கு எழுதினேன். வந்துவிட்டார், ஆனால் உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே, ரோட்டோரம் காரை நிறுத்தி, பானெட் மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். ஷெட்டோ வேலியிலிருந்து வெகு தூரம். போனில் பேசலாமென்றால் கோழிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது; ஷெட்டின் பின்பாதியில் டவரும் கிடையாது. முன்பாதியில் கேமராவுக்காகப் போட்ட வைஃபை இருந்தது. "இன்னைக்கு என்ன பாத்தீங்களோ வரிசை வரிசையா எழுதுங்க அக்கா. நான் இங்கயே இருக்கேன்" என்று வேலிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டினார்.

கணவரின் போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக நடந்தேன், எழுதினேன். கடைசி வரிசையை முடித்துவிட்டு முன்னால் வருகிறேன், கரண்ட் போய்விட்டது. கரண்டோடு வைஃபையும் போனது. எழுதியது அவருக்குப் போய்ச் சேரவில்லை. டவர் கிடைக்கட்டும் என்று வாசலைத் தாண்டி வெளியே ஓடி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். கோடு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. சரி, போயிருக்கும் என்று திரும்பி உள்ளே வருகிறேன். வாசலில் எங்கள் வாட்ச்மேன் அண்ணன்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதைச் செய்வார். வெளியிலிருந்து உள்ளே போகிற எதுவும் மருந்துத் தண்ணீரில் முங்காமல் போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நோய் பக்கத்தில் வந்திருக்கிற நேரத்தில் அண்ணன் சும்மா விடுவாரா? நான் செருப்பை மாற்றக் குனிந்த நேரத்தில், "போனு வெளிய போயிட்டு வந்துருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே அதை என் கையிலிருந்து வாங்கினார். வாங்கி, மருந்துத் தொட்டிக்குள் முக்கி, நிதானமாகப் புரட்டி, மறுபக்கமும் நனைத்து எடுத்தார்.

நான் போட்ட சத்தத்தில் ஷெட்டுக் கோழிகளெல்லாம் அடங்கிவிட்டிருக்கும். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவர் என்ன தப்பு என்று தெரியாமல் சொட்டச் சொட்டப் போனை ஏந்திக்கொண்டு நின்றார். வேலிக்கு வெளியிலிருந்து டாக்டரம்மா கத்தினார்: "அண்ணனைத் திட்டாதீங்க அக்கா! நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்காரு!" எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவர் காதில் வைத்துப் பேசிய போன் அது. அதற்குள் அத்தனை நாள் எழுதியதும் இருந்தது. "எல்லாம் போச்சே அம்முணி" என்றேன். "போன்தான் போச்சு. எழுதினது போகல. டேப்லெட்டைத் தெறங்க."

கரண்ட் வந்தது. தீவன அறைக்குப் போய், மாவுத் தூசி படிந்த டேப்லெட்டைத் துடைத்துத் திறந்தேன். சாமி! அத்தனையும் இருந்தது. நேற்று, முந்தாநாள், போன மாதம், என் முழங்கால் வலி, ஃபேன் சத்தம், ஒன்று விடாமல் இருந்தது. அன்று காலையில் எழுதியதும் முக்கால்வாசி வந்து சேர்ந்திருந்தது. கடைசி வரிசை மட்டும் இல்லை. அந்தத் தூசி நெடியில் நின்றுகொண்டு, இதை யார் கண்டுபிடித்தார்களோ அவர்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். பிறகு குறிப்பின் அடியில் எழுதினேன்: "அம்முணி இருக்கறயா". பயத்தில் மரியாதை விட்டுப்போனதை நான் கவனிக்கவில்லை.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். திரையின் மேல் மூலையில் ஒரு பச்சை வட்டம், அதற்குள் அவர் பெயரின் முதல் எழுத்து. நான் எழுதிய வரிக்குக் கீழே, யாரும் தொடாமல், எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. "இருக்கேன் அக்கா. எழுதுங்க."

அவர் வேலிக்கு வெளியே, நான் உள்ளே, இரண்டு பேர் கையும் ஒரே தாளில். எனக்கு அந்த நிமிடம் பயம் பாதி இறங்கிவிட்டது. "கடைசி வரிசை வரல அக்கா" என்று எழுத்து ஓடியது. காலையில் பார்த்ததை யோசித்து எழுதப் போனேன். அதற்குள் அடுத்த வரி வந்தது: "ஞாபகத்துல இருந்து வேண்டாம். திரும்பப் போய்ப் பாத்துட்டு எழுதுங்க." பின்பாதியில் வைஃபை எட்டாதே, டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் கோடி வரை போனேன், பார்த்தேன், எழுதினேன், திரும்ப முன்னால் வந்தேன். முழங்கால் கெஞ்சியது. முன்பக்கக் கோழிகள் நன்றாகத் தின்கின்றன, கோடியில் இருக்கிற கூண்டுகள்தான் தொடவில்லை என்று எழுதியிருந்தேன்.  பிறகு நான் அந்த வாரம் முழுவதும் எழுதிய வரிகளை அவர் ஒவ்வொரு நாளிலிருந்தும் எடுத்து வந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக என் கண் முன்னால் அடுக்கினார். அடியில் எழுதினார்: "எல்லாம் கோடிக் கூண்டுதான் அக்கா. நோய் வந்தா கோடி, முன்பக்கம்னு பாக்காது. தண்ணி வருதான்னு பாருங்க."

கூண்டு வரிசை நெடுக ஓடுகிற குழாயில் சின்னச் சின்ன உலோக முனைகள் தொங்கும். கோழி அலகால் தட்டினால் சொட்டு விழும். நிப்பிள் என்போம். முன்பக்கம் தட்டினால் சொட்டியது. கோடியில் விரலை வைத்து அழுத்தினேன். ஒன்றுமில்லை. அடுத்ததை அழுத்தினேன். விரல் காய்ந்தே இருந்தது. குழாயின் மூடியைக் கழற்றினால், எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு, சுண்ணாம்பு மாதிரி அடைத்துக்கொண்டு கிடந்தது. அந்த வெயிலில் என் பிள்ளைகள் தண்ணீருக்குத் தவித்திருக்கின்றன. நோய், நோய் என்று எச்சத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம், குழாயை யாரும் பார்க்கவில்லை. ஓடி வந்து, அழுதுகொண்டே, "தண்ணி இல்ல அம்முணி தண்ணி இல்ல" என்று எழுதினேன். "அழாதீங்க. உடனே தண்ணி குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா" என்று பதில் வந்தது. நான் அழுவது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

இதற்கிடையில் லாரி வந்திருக்கிறது. அது நோய்ப் பண்ணைப் பக்கமாகப் போய்விட்டு வந்த வண்டி. டாக்டரம்மா தன் காரை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்துகொண்டே எனக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். டிரைவர் ஹாரன் அடித்திருக்கிறார், கொழுந்தனார் கெஞ்சியிருக்கிறார். "இந்த வண்டி உள்ள போகாது. உள்ளேருந்து ஒரு கோழியும் வெளிய வராது" என்று மட்டும் சொன்னாராம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் வாசலுக்கு வந்தபோது லாரி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவர் கார் நிழலில், மண்ணிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார். "ஏன் சாமி, என்னாச்சு?" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் வேர்வை. "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு அக்கா. நீங்க எழுதிட்டே இருந்தீங்க, அதான் நின்னேன்" என்றார். எங்களுக்கு நடுவே வேலி இருந்தது. இல்லாவிட்டால் கட்டிப்பிடித்திருப்பேன்.

செத்த கோழிகளைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் வெள்ளைக் கழிச்சல் இல்லை என்று வந்தது. ஆனாலும் தினம் எழுதச் சொல்லி, வெளியே வந்து நின்று படித்து, நோய் பக்கத்துப் பண்ணையைவிட்டு ஒழிகிற வரை விடவில்லை. கோழிகள் தேறின. மறுநாள் காலை வாட்ச்மேன் அண்ணன் தன் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கீழடுக்கு நிறைய அரிசி, அதற்குள் கணவரின் போன். "அரிசில வெச்சா ஈரத்த உறிஞ்சிருமுங்க. உசுரு வந்துருமுங்க" என்றார். வரவில்லை. ஆனால் அந்தப் பாக்ஸை அவரிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவருக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, மேலடுக்கில் வேறொரு பழைய போனைப் போட்டு இதைப் பலகையில் வைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா கல்யாணமாகிக் கடல் கடந்து போய்விட்டார். பேர் சொன்னால் எனக்கு வாயில் நுழையாத குளிர் நாடு. அங்கேயும் கோழிதான் பார்க்கிறார். போகும்போது எங்கள் குறிப்புகளை எங்களுக்கே எழுதிவைத்துவிட்டு, தானும் அவ்வப்போது திறந்து பார்க்க ஒரு வழி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இதைக் கேட்க வேண்டுமா! இப்போது வேறொரு டாக்டர் வருகிறார், கெட்டிக்காரத் தம்பி. நான் மட்டும் பழையபடி, தினமும் காலையில் டிபன் பாக்ஸைத் திறந்து, அந்தக் கேள்விக்குக் கீழே பதில் எழுதுகிறேன். சில நாள் எழுதிக்கொண்டிருக்கும்போதே மூலையில் அந்தப் பச்சை வட்டம் வரும். ஒன்றும் எழுதாது. சற்று நேரம் இருந்துவிட்டுப் போகும். அங்கே அப்போது என்ன பொழுதோ, எந்த வேலைக்கு நடுவிலோ, எங்கள் கிழக்கு ஷெட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். அன்றைக்கெல்லாம் நான் யாரையும் திட்டுவதில்லை என்று வேலையாட்கள் சொல்கிறார்கள்.

போன வாரம் காலை, தண்ணீர் வரிசையைப் பார்த்துவிட்டு வந்து எழுத ஆரம்பித்தேன். வட்டம் வந்தது. இந்தத் தடவை சும்மா நிற்கவில்லை. என் வரிக்குக் கீழே எழுத்துகள் தயங்கித் தயங்கி வந்தன. "அக்கா, இருக்கீங்களா?"

 மேலே மேலே எழுத்து ஓடியது. அங்கே ஒரு பண்ணையில் நோயாம். உள்ளே போய்விட்டதால் அவரைத் தனி அறையில் வைத்திருக்கிறார்களாம். கைக்குழந்தை கணவரோடு வேறு ஊரில். இருக்கிற கோழியையெல்லாம் அழிப்பதா, விடுவதா என்று அவர்தான் சொல்ல வேண்டுமாம். கேட்கப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. "பயமா இருக்கு அக்கா. ஒண்ணுமே ஓடல."

எனக்கு அந்த நாட்டுக் கோழியைப் பற்றி என்ன தெரியும்? அந்த ஊர் நோயும் தெரியாது, குளிரும் தெரியாது. டிபன் பாக்ஸின் மூடியைக்கூடப் போடாமல், முட்டை அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். எழுதினேன். "இருக்கேன் அம்முணி. எழுது."

 பச்சை வட்டம் மட்டும் நின்றது. இன்னொரு வரியும் எழுதினேன்.

"இன்னிக்கு என்ன பாத்தே?"

எழுத்துகள் வர ஆரம்பித்தன.